இரு பக்கமும் சொன்னால் வாதக் கட்டுரை ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த, திரைப்படத்தைத் திறனாய்ந்து கட்டுரை எழுதுவது பற்றிய வழிகாட்டலை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் எடுக்கிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று போட்டிருப்பீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் தந்திருக்கிற முறை இருக்கிறதே, முதலில் கதைச் சுருக்கம், அடுத்த பந்தியில் அரசாங்கத்தின் நியாயம், அதற்கடுத்த பந்தியில் போராடுகிறவர்களின் நியாயம், கடைசியில் வன்முறை எதற்கும் தீர்வாகாது என்று ஒரு முடிவுரை, இந்த முறையில் எழுதினால் அரசியல் மோதலைப் பற்றிய எந்தப் படத்துக்கும் ஒரே கட்டுரையைக் கொடுக்கலாம். படத்தைப் பார்க்காமலே கொடுக்கலாம். கைப்பேசியில் இருக்கிற செயலியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் அதுவே எழுதியும் தந்துவிடும், எழுத்துப்பிழையும் குறைவாக இருக்கும்.

நான் இளைப்பாறிய தமிழாசிரியை. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பின்னேரங்களில் சில பிள்ளைகள் வருவார்கள். ரியூசன் என்று நினைக்காதீர்கள், கரும்பலகையும் இல்லை, காசும் இல்லை. எழுதியதைக் கொண்டுவந்து தருவார்கள், நான் வாசித்துவிட்டுச் சண்டை பிடிப்பேன், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். இந்தமுறை அவர்களுக்குக் கிடைத்த ஒப்படை, அரசியல் மோதல் பற்றிய ஒரு படத்தை எடுத்து வாதக் கட்டுரை எழுதுவது. கொடுத்தவரை மெச்சத்தான் வேண்டும். ஆனால் வந்த வரைவுகளைப் பார்த்தால் படம் வேறு, நாடு வேறு, கட்டுரை மட்டும் ஒன்று. 'மனிதன் தோன்றிய காலம் முதலே போர்களும் தோன்றின' என்று ஒரு தொடக்கம், நடுவில் மூன்று பக்கத்துக்குக் கதை, முடிவில் சமாதானப் புறா. கேட்டால், 'பேப்பரில இப்பிடித்தான் டீச்சர் போட்டிருக்கு' என்று உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டிய கொப்பியைக் காட்டினார்கள். அதனால்தான் சண்டையை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

இரண்டு பேர் எடுத்த படம் 'பட்டில் ஒஃப் அல்ஜியர்ஸ்'. இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோவின் கறுப்பு வெள்ளைப் படம், 1966இல் வந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக அல்ஜீரியத் தேசிய விடுதலை முன்னணி தலைநகர் அல்ஜியர்ஸில் நடத்திய போராட்டமும், அதை அடக்க 1957இல் இறக்கப்பட்ட பரசூட் படையும்தான் கதை. 1962இல் சுதந்திரம் கிடைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள், சண்டை நடந்த அதே தெருக்களில் அந்த ஊர்ச் சனத்தையே நடிக்க வைத்து எடுத்திருக்கிறார்கள். போராட்டத் தலைவர்களில் ஒருவரான சாதி யாசெஃப் சிறையில் இருந்து எழுதிய நினைவுகள்தான் கதைக்கு அடிப்படை. தயாரிப்பிலும் அவர் இருந்தார், போதாததற்குத் தன்னைப் போலவே ஒரு பாத்திரத்தில் நடித்தும் இருக்கிறார். வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் கிடைத்தது, பிரான்சில் பல வருடங்கள் திரைக்கே வரவில்லை. பிள்ளைகள் இதை மடிக்கணினியில் போட்டு, கீழே ஓடுகிற ஆங்கில வரிகளை நிறுத்தி நிறுத்தி வாசித்துத்தான் பார்த்தார்கள். அப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்ததே நல்லதாகப் போயிற்று.

மூதூரில் இருந்து வந்து நகரத்தில் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கிற பிள்ளை ஒருத்தி, 'இப்படம் இரு தரப்பினரின் துன்பங்களையும் நடுநிலையாகச் சித்திரிக்கின்றது' என்று எழுதியிருந்தாள். எந்தக் காட்சியில் என்று கேட்டேன். 'எல்லா இடத்திலயும்தான் டீச்சர்.' எல்லா இடத்திலும் என்றால் ஒரு இடமும் கைவசம் இல்லை என்றுதான் அர்த்தம். சரி, ஒரு இடத்தைப் பிடிப்போம் என்று தேநீர்க்கடையில் குண்டு வைக்கிற பகுதியைத் திரும்பப் போட்டோம்.

மூன்று அல்ஜீரியப் பெண்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைமயிரை வெட்டி, ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்துகிறார்கள். பின்னால் மேளம் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது. சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் ஒருத்தியோடு பல்லைக் காட்டிக் கதைத்து அவளைச் சோதிக்காமலே போக விடுகிறான். உள்ளே போய் அமர்ந்தவள் சுற்றிப் பார்க்கிறாள். கமராவும் அவளோடு சேர்ந்து பார்க்கிறது: கதைத்துச் சிரிக்கிறவர்கள், குடிக்கிறவர்கள், ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு நிற்கிற ஒரு சின்னப் பிள்ளை. அந்த முகங்களை அவள் பார்த்துவிட்டாள், நாங்களும் பார்த்துவிட்டோம். அதன் பிறகும் பையை இருக்கைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போகிறாள். குண்டு வெடித்து உடல்களைத் தூக்கும்போது வருகிற சோக இசை, அதற்கு முன்னால் அல்ஜீரியர்கள் வாழும் கஸ்பா பகுதியில் பிரெஞ்சுத் தரப்பினர் இரவில் வைத்த குண்டில் செத்தவர்களை இடிபாட்டுக்குள் இருந்து தூக்கும்போது வந்த அதே இசை. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தப் பிள்ளைதான் இரண்டு இடத்தையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் முதல் வசனத்தை மாற்றி எழுதினாள். படம் நடுநிலையானது இல்லை, அல்ஜீரியர்களின் பக்கம்தான் நிற்கிறது, ஆனால் அந்தப் பக்கம் நிற்பதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்க்கிறவரின் கண்ணில் இருந்து மறைக்கவில்லை என்று. பாருங்கள், இந்த வசனத்தை ஒருவர் மறுக்கலாம். மறுக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்குப் பக்கம் பக்கமாக ஆதாரம் காட்டி என்ன பிரயோசனம்? போர் கொடியது என்பதை யார் இல்லை என்றார்கள்?

மறுப்பும் உடனே வந்தது, அதே விறாந்தையில். கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் வருகிற தம்பி ஒருவன், வாய் கொஞ்சம் நீளம், கெட்டிக்காரன். அவன் சொன்னது இதுதான்: கஸ்பா குண்டை முதலில் காட்டிவிட்டுத் தேநீர்க்கடைக் குண்டைப் பிறகு காட்டினால், பார்க்கிறவன் மனம் தானாகவே இரண்டாவதை முதலாவதுக்குப் பதிலடியாக எடுத்துக்கொள்ளும், பிறகு ஐஸ்கிரீம் பிள்ளையைக் காட்டி என்ன, ஓராயிரம் பிள்ளையைக் காட்டி என்ன, மன்னிப்பு முன்னாடியே கொடுத்தாயிற்று என்றான். நல்ல கேள்வி. சரி, வரலாற்றில் எப்படி என்று தேடிப் பார் என்றேன். தேடினான். கஸ்பாவில் தேப் தெருக் குண்டு 1956 ஓகஸ்ட் 10ஆம் திகதி, தேநீர்க்கடைக் குண்டுகள் அதே வருடம் செப்ரெம்பர் 30ஆம் திகதி. ஆக, வரிசை இயக்குநரின் தந்திரம் இல்லை, நடந்தபடிதான். அவன் விடவில்லை. அதற்கும் முந்தி யூன் மாதம் சிறையில் இரண்டு பேரைக் கில்லட்டினில் போட்டுத் தலையை வெட்டினார்கள், அதைத் தொடர்ந்து தெருவில் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, அப்படியே பின்னுக்குப் போனால் 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது வரைக்கும் போகலாம், அப்படியானால் படம் ஏன் 1954இல் கதையைத் தொடங்குகிறது, அதற்கும் முன்னால் ஏன் 1957இல் சித்திரவதைப்பட்டு வாய் திறந்துவிட்ட ஒரு மெலிந்த மனிதனைத்தான் முதலில் காட்டுகிறது? எங்கே தொடங்குவது என்று தெரிவு செய்ததிலேயே இயக்குநர் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டார் என்பது அவனுடைய வாதம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டிய விசயம் இல்லை. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் பிரச்சினையின் கதை ஒவ்வொரு வருடத்தில் தொடங்கும். எங்கள் வீட்டில் 1956, தனிச் சிங்களச் சட்டம். பக்கத்து வீட்டில் 1983 யூலை. கிண்ணியாத் தம்பியின் வீட்டில் 1990, காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும். சிங்கள நண்பர் ஒருவரிடம் கேட்டால் 1985, அநுராதபுரப் படுகொலை என்பார். மூதூர்ப் பிள்ளை பிறக்க முந்தி நடந்தது 2006 ஓகஸ்ட், ஆனாலும் அவளுடைய உம்மா எந்தக் கதையைத் தொடங்கினாலும் சண்டைக்குள் ஊரை விட்டு நடந்த அந்த நாட்களில்தான் வந்து நிற்கும். தொடங்குகிற வருடத்தைச் சொன்னால் போதும், மிச்சக் கதையை மற்றவர் ஊகித்துவிடுவார். இப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஒரு படம் எங்கே தொடங்குகிறது, யாரை முதலில் காட்டுகிறது, யாருடைய வீட்டுக்குள் போகிறது, யாரை வாசலோடு நிறுத்திவிடுகிறது என்று கவனிக்கிற கண் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வழிகாட்டல் அந்தக் கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு பந்தியைச் சரிசமமாக நிரப்பச் சொல்கிறது.

ஏன் இப்படி எழுதப் பழக்குகிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பயம். நான் படிப்பித்த காலத்தில் சில கட்டுரைகளை வாசித்துவிட்டு, 'இதை வீட்டில வைச்சிரு, கொப்பியில வேண்டாம்' என்று சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும், அவர்கள் சொன்னதில் பிழையும் இல்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்தது என்றுதான் முதலில் படைத்தரப்பில் சொன்னார்கள். பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் இருந்தது துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் இதே நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். 2019இல் ஐந்து மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரும் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சுகிர்தராஜன் உங்களைப் போலப் பத்திரிகைக்காரர்தான், இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சொல்வதற்குக் காரணம் வேறு. கூற்று ஒன்று, சான்று ஒன்று, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒன்று என்று வாதக் கட்டுரைக்கு இலக்கணம் சொல்கிறோமே, அதை இந்த ஊர் வினாத்தாளுக்காகப் படித்தது இல்லை. ஆனபடியால் இங்கத்தைப் பிள்ளை பத்திரமாக எழுதட்டும் என்று பெரியவர்கள் நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரமாக எழுதுவதற்கு வேறு வழி இருக்கிறது, அதைத்தான் வழிகாட்டல் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வழி என்னவென்றால், படத்தைப் பற்றி வாதாடுவது. அல்ஜீரியர் சரியா பிரெஞ்சுக்காரர் சரியா என்று தீர்ப்பு எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாரம் தேவையும் இல்லை. படம் என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது, அது செய்வது நேர்மையானதா என்று கேட்டால் போதும். அதற்குள் நின்றுகொண்டு எவ்வளவு காரமாகவும் எழுதலாம். கறியில் உப்புக் கூடிவிடும் என்று பயந்து உப்பே போடாமல் இறக்கத் தேவையில்லை.

எங்கள் நாட்டுப் படத்தையே எடுங்கள். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர', 1997இல் எடுத்தது. போருக்குப் போன மகனின் உடல் என்று சொல்லி மூடி முத்திரையிட்ட பெட்டி ஒன்று சிங்களக் கிராமம் ஒன்றுக்கு வருகிறது. கண் தெரியாத தகப்பன் மகன் சாகவில்லை என்றே நிற்கிறார், நட்டஈட்டுக்கான கடுதாசியில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். வீடு அரைகுறையாக நிற்கிறது, மகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், காசு வந்தால் எல்லாம் சரியாகும், இருந்தும் மாட்டேன் என்கிறார். கடைசியில் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக நடித்ததைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் இந்தப் படத்தைத் திரையிட விடாமல் தடுத்தது, உயர் நீதிமன்றம் போய்த்தான் அடுத்த வருடம் திரைக்கு வந்தது.

இதைத் தமிழ்ப் பிள்ளை ஒன்று எழுதினால் என்ன வாதம் வைக்கலாம்? படம் அந்தக் கிராமத்தை விட்டு வெளியே வருவதில்லை, எங்கள் தரப்பு வீடு ஒன்று கூட அதில் இல்லை, ஆகவே இது பாதிக் கதை என்று வாதாடலாம். இல்லை, தன் தரப்பு வீட்டுக்குள்ளேயே நின்று தன் அரசாங்கத்தின் பெட்டியைத் திறந்து காட்டியதுதான் இந்தப் படத்தின் துணிவு, எங்கள் வீட்டையும் காட்டப் போயிருந்தால் அது வெறும் சமரசப் படமாகி இருக்கும் என்றும் வாதாடலாம். என்னைக் கேட்டால் இரண்டாவது கட்சிதான், ஆனால் முதலாவதை நன்றாக எழுதினால் அதற்குத்தான் கூடப் புள்ளி போடுவேன், எழுதுவதற்கு அது கஷ்டம் என்பதால். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தைப் பற்றியும் இப்படி ஒரு கேள்வி கேட்கலாம். 2002இல் வந்த அந்தப் படத்தில் எங்கள் போரை நாங்கள் பார்ப்பது சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பத்தின் கண்ணால்தானே, அது குறையா இல்லையா என்று. பிள்ளைகள் அதில் பாட்டுகளைத் தாண்டி நகரவில்லை என்பது வேறு கதை.

எதிர்வாதம் பற்றியும் ஒரு வார்த்தை. 'எதிர்த்தரப்புக் கருத்தையும் குறிப்பிடுக' என்று போட்டிருந்தீர்கள். குறிப்பிட்டால் போதாது, அதன் பலமான வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். அல்ஜியர்ஸ் படத்தில் பரசூட் படைத் தளபதியாக வருகிற ஷோன் மார்த்தான் ஒருவர்தான் முக்கிய நடிகர்களில் தொழில்முறை நடிகர். அவர் சொந்த வாழ்க்கையில் அந்தப் போரை எதிர்த்துப் பிரெஞ்சு அறிவுஜீவிகள் 121 பேர் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர் என்பது இன்னொரு சுவாரசியம். அவர் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிற காட்சியில், பிரான்ஸ் அல்ஜீரியாவில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா, அப்படியென்றால் அதற்கு வருகிற விளைவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொல்லிவிடுகிறார். படத்திலேயே மிகத் தெளிவாகக் கதைக்கிறவர் சித்திரவதையை நடத்துகிறவர்தான். படம் அல்ஜீரியர் பக்கம் நிற்கிறது என்று வாதாடுகிற பிள்ளை இந்தக் காட்சியைத் தாண்டிப் போகவே கூடாது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூதூர்ப் பிள்ளை சொன்ன பதில்: தளபதி மறைக்காமல் கதைப்பதால்தான் கேள்வி அவரை விட்டு, அவரை அனுப்பிவிட்டு வீட்டில் நல்லவர்களாக இருக்கிற சனத்திடம் போகிறது. கிண்ணியாத் தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. அழகாகக் கதைக்கிறவனைப் பார்க்கிறவர்கள் ரசிக்கத்தான் செய்வார்கள் என்றான், அதற்கு ஆதாரமாக 2003இல் ஈராக் போர் நேரத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனிலேயே இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்ததைக் கொண்டுவந்தான். அதற்கு முந்தியே அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தவர்களும் இதைப் பார்த்துப் படித்தவர்கள்தான் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

நடைமுறையில் ஒன்று. கதைச் சுருக்கத்தை அரைப் பக்கத்துக்கு மேல் விடாதீர்கள் என்று ஒரு வரி போட்டாலே உங்கள் வழிகாட்டல் பாதி திருந்திவிடும். திருத்துகிறவர்களுக்குக் கதை தெரியும். தெரியாவிட்டால் படத்தைப் பார்க்கட்டும். 'ஒளிப்பதிவு சிறப்பாக உள்ளது, இசை மனதை உருக்குகிறது' என்று மதிப்புரை பாணியில் வருகிற வசனங்களையும் வெட்டிவிடச் சொல்லுங்கள். இசை எந்த இடத்தில் வந்து யாருக்காக உருக்குகிறது என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வசனம் எந்தப் படத்துக்கும் பொருந்தும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மாணவர் பக்கத்தில் அடுத்தமுறை மாதிரிக் கட்டுரை ஒன்றைப் போடாமல், ஒரே படத்தைப் பற்றி ஒன்றையொன்று மறுக்கிற இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். நான் மேலே சொன்ன இரண்டு பேரும் கட்டுரைகளை முடித்துவிட்டார்கள். நீளம் கொஞ்சம் கூட, வெட்டினால் இரண்டு பேரும் கோபிப்பார்கள், ஆனாலும் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். எந்த முகவரிக்கு அனுப்புவது, கையெழுத்துப் பிரதி ஏற்பீர்களா அல்லது தட்டச்சில்தான் வேண்டுமா என்று மாணவர் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.